புழுக்கடையில் மலர்ந்த மக்களாட்சி

மக்களாட்சி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் வாஷிங்டனில் நிற்கும் வெள்ளைத் தூண்கள் அல்ல. எங்கள் ஆல்டர் ஃபால்ஸ் ஊரில், லூதரன் தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் பெரிய காபிப் பாத்திரம்தான். அது கொதிக்கத் தொடங்கினால் நாட்டில் எங்கோ ஓர் அநீதி நடுங்கத் தொடங்குகிறது என்று பொருள். அதைக் கொதிக்க வைப்பவர் மெர்வின் ஸ்டென்பெர்க்.

மெர்வின் தானியக் கிடங்கில் எடை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். வாத்து வேட்டைக் காலத்தை ஒரு வாரம் நீட்டச் சொல்லி எழுதினார். ஒரு வாரம் குறைத்தார்கள். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாக மாற்றும் வழக்கத்தை ஒழிக்கச் சொல்லி எழுதினார்; பதில் வருவதற்குள் கடிகாரம் இரண்டு முறை மாறியிருந்தது. தபால்தலை விலையேற்றத்தைக் கண்டித்து அவர் எழுதிய கடிதங்களால் தபால் துறைக்கு நல்ல வருமானம் கிடைத்தது. எல்லாப் பதில்களும் "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று தொடங்கி, அத்தோடு முடிந்தன.

"பாத்தியா, என் கருத்து மேலானதுன்னு அரசாங்கமே ஒத்துக்குது" என்பார் மெர்வின்.

"மேல பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்கன்னு அர்த்தம்" என்பாள் அவர் மனைவி ஆர்டிஸ்.

அந்த வசந்தத்தில்தான் வரலாறு எங்கள் கதவைத் தட்டியது. மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்திருந்தது. மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்பின் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் இருப்பவர் எவரும், இணையத்தில் தாம் உருவாக்கிய பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள் அனைத்தையும் ஷெரிப்பிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஷெரிப் அவற்றை அவரவர் படத்துக்குக் கீழே, ஊர் உலகம் பார்க்க, இணையத்தில் வெளியிடுவார். ஒரு பெயரை மறைத்தாலும் ஐந்தாண்டு சிறை. இப்படி ஒரு மசோதாவை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் எங்கள் தொகுதியின் செனட்டர் அம்மையார் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. "மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே நான் என்ன நினைக்கிறேன் என்பதை முடிவு செய்வேன்" என்று அறிக்கை விட்டிருந்தார். இதைவிட உறுதியான கொள்கையை எங்கள் தொகுதி கண்டதில்லை.

மெர்வின் செனட்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். ஓர் இளைஞன் எடுத்தான்.

"மசோதாவை ஆதரிச்சுக் கடிதம் அனுப்பலாம்னு இருக்கோம் தம்பி. எங்க குழுவுல நாப்பது பேர்."

"கடிதம்னா... காகிதத்துலயா சார்?"

"பின்னே, கல்லுலயா?"

"காகிதம் வந்தா பிரிக்கணும், படம் எடுக்கணும், பதியணும். ஒரு மாசம் ஆகும். ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. எங்க இணையதளம் வழியா அனுப்பிடுங்க. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கருத்து."

"எங்க நாப்பது பேருக்கும் ஒரே கருத்துதான்."

"கருத்து ஒண்ணா இருக்கலாம் சார். வாசகம் ஒண்ணா இருந்தா நாப்பதையும் சேர்த்து ஒண்ணுன்னுதான் எண்ணுவோம்."

"அப்போ ஒவ்வொண்ணையும் படிப்பீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். எண்ணுவோம்."

அன்று மாலை காபிப் பாத்திரம் கொதித்தது. "மின்னஞ்சல் முகவரி இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மெர்வின். மூன்று கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று காபி கேட்ட கை. மாதர் சங்கத் தலைவி லவோன் ப்ரெக்கிக்கு ஒரு முகவரி இருந்தது; அதன் கடவுச்சொல்லை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் எழுதி வைத்திருந்தாள்; ஃபிரிட்ஜைப் போன கோடையில் விற்றுவிட்டாள். போதகருக்கும் ஒன்று இருந்தது. அதற்குள் எப்படிப் போவது என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

"டுவெய்னைக் கேட்டா என்ன?" என்றாள் ஆர்டிஸ். "அவன் தூண்டில் புழுவை இணையத்துல போட்டுல்ல விக்கிறான்?"

டுவெய்ன் கோலர் ஏரிக்கரையில் புழுக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊரிலிருந்து ஷெரிப்பின் பட்டியலில் இருக்கும் ஒரே மனிதரும் அவரே. இருபது வயதில், சோளத் திருவிழாவன்று, பீர் குடித்த அவசரத்தில் மேடைத் திரைக்குப் பின்னால் ஒதுங்கினார். முன்னால் பேசிக்கொண்டிருந்த மேயர், "இதோ, நம் ஊரின் பெருமை!" என்று கையை நீட்ட, திரையை இழுக்க வேண்டியவன் இழுத்துவிட்டான். திரைக்கு அந்தப் பக்கம் புதிய தீயணைப்பு வண்டி இருந்தது. அதன் முன்னால் டுவெய்ன் இருந்தார். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாமல், நீதிபதி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடமாகப் பட்டியலில் இருக்கிறார்.

"மசோதாவே அவன் மாதிரி ஆளுங்களுக்குத்தானே..." என்று இழுத்தாள் லவோன்.

"சேச்சே! இது வேற ஊர்க் குற்றவாளிங்களுக்கு" என்றார் மெர்வின். "டுவெய்ன் நம்ம குற்றவாளி."

கூட்டம் நிம்மதியடைந்தது. ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. நிலவறையில் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி நடப்பதால் பட்டியலில் இருப்பவர் அதற்குள் கால் வைக்கக்கூடாது. சட்டத்தை மதிக்கும் எங்கள் குழு, சட்டத்தை மீறாமலே குற்றவாளியின் உதவியைப் பெறுவது எப்படி என்று ஆலோசித்து, ஒருமனதாகப் புழுக்கடைக்கு இடம்பெயர்ந்தது.

அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். புழுப் பெட்டிகளின் மேல் எங்கள் ஊர் விருந்துப் பதார்த்தமான உருளைக்கிழங்கு ஹாட்டிஷ், மீன்குஞ்சுத் தொட்டி மேல் கேரட் போட்ட ஜெல்லி, கல்லாவின் மேல் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள். டுவெய்ன் இருந்த மூன்று நாற்காலிகளையும் துடைத்துத் துடைத்துப் போட்டார். அவர் கடைக்குள் சாப்பாட்டோடு யாரும் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"சாப்பிடு டுவெய்ன், கூச்சப்படாதே" என்றாள் லவோன். "உனக்குன்னு காகிதத் தட்டு கொண்டாந்திருக்கேன்."

மற்றவர்களுக்குப் பீங்கான் தட்டு.

டுவெய்ன் ஒவ்வொருவராக உட்கார வைத்து முகவரி உருவாக்கினார். "உங்க பேரு ஏற்கெனவே யாரோ எடுத்துட்டாங்க லவோன் அம்மா. வேற என்ன வைக்கலாம்?"

"ஆப்பிள்பைராணின்னு வை."

போதகர் 'கர்த்தரின் தூண்டில்' ஆனார். ஆர்டிஸ் 'அடங்காத ஆர்டிஸ்' ஆனாள். மெர்வின் நெடுநேரம் யோசித்து 'நேர்மையின் எடை' என்று சொன்னார். டுவெய்ன் அதையும் சிரிக்காமல் தட்டினார். 

வாசகத்துக்கு மெர்வின் ஒரு மாதிரி தயாரித்துக் கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்து எல்லோரும் சொந்தமாகச் சொன்னார்கள், டுவெய்ன் தட்டினார். அப்படிச் சொந்தமாகச் சொன்ன முதல் ஆறு பேரின் கடிதங்களும், "செனட்டர் அவர்களே, நான் இங்கே உங்கள் பெயரைச் சொல்லவும் என்னும் குடிமகன், என் நெஞ்சை உலுக்கிய அனுபவம் யாதெனில், இங்கே உங்கள் அனுபவத்தைச் சொல்லவும்" என்றே அமைந்தன. ஆகவே மிச்சமுள்ளவர்களின் உள்ளக் குமுறல்களை மெர்வினே குமுற வேண்டியதாயிற்று.

கடைசிக் கடிதத்துக்கு முன் டுவெய்ன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

"சார், ஒண்ணு கேக்கவா? இது சட்டமாச்சுன்னா என் கடைப் பேரும் அந்தப் படத்துக்குக் கீழ வருமில்ல? புழு வாங்குறவங்க பாத்தா..."

"புழு வாங்குறவன் புழுவைத்தான்ப்பா பாப்பான். உன் படத்தையா பாக்கப்போறான்?"

"ஒரு பேரு விட்டுப்போனாலும் உள்ள போட்டுருவாங்களாமே."

"நீ ஏன் விடுறே? ஒண்ணுகூட விடாம எழுதிக் குடு. அதுக்குத்தானே சட்டம்!" மெர்வின் அவர் முதுகில் தட்டினார். தட்டிய கையை உடனே துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்த பிறகுதான் துடைத்தார். எங்கள் ஊரின் பண்பாடு அத்தகையது.

மசோதா நிறைவேறியது. "ஆல்டர் ஃபால்ஸ் மக்களின் குரல் என் மனசாட்சியை எழுப்பியது" என்றார் செனட்டர். மெர்வினின் வாழ்நாளில் அவர் சொன்னதைச் சட்டமன்றம் முதன்முறையாகச் செய்திருந்தது. அவர் இரண்டு நாள் தெருவில் நடக்கும்போது சற்று உயரமாகவே தெரிந்தார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த வாரம், லவோன் தொலைபேசியில் அலறினாள். "மெர்வின்! ஷெரிப்போட பக்கத்தைப் பாருங்க! நான் அதுல இருக்கேன்!"

மெர்வின் பார்த்தார். டுவெய்னின் படம். அதன் கீழே, "குற்றவாளி உருவாக்கிய இணையப் பெயர்கள்" என்ற தலைப்பில், முதலில் புழுக்கடை. அடுத்து ஆப்பிள்பைராணி. கர்த்தரின் தூண்டில். அடங்காத ஆர்டிஸ். நேர்மையின் எடை. அதன் கீழே எங்கள் ஊரின் மானமுள்ள குடிமக்கள் அத்தனை பேரும், ஒருவர் விடாமல்.

ஆர்டிஸ் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்பது வருஷமா எழுதினியே. கடைசியில உன் பேரை அரசாங்கம் போட்டுருச்சு பாரு."

குழு புழுக்கடைக்குப் படையெடுத்தது. இம்முறை ஹாட்டிஷ் இல்லை.

"என்ன காரியம்டா பண்ணிவச்சிருக்கே?" என்றாள் லவோன். "என் பேத்திகிட்ட பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம், உங்க பாட்டி எத்தனை வருஷம் உள்ள இருந்தாங்கன்னு!"

"நான்தானேம்மா உருவாக்கினேன்? நான் உருவாக்கின எல்லாத்தையும் குடுக்கணும்னு சட்டம். ஒண்ணுகூட விடாதேன்னு சார்தான் சொன்னாரு."

எல்லோரும் மெர்வினைப் பார்த்தார்கள். மெர்வின் மீன்குஞ்சுகளைப் பார்த்தார். பிறகு டுவெய்னைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரையும் எடுக்கச் சொல்லலப்பா. எனக்கும் மனசாட்சி இருக்கு. நேர்மையின் எடையை மட்டும் எடுத்துடேன்."

"எடுத்தா எனக்கு அஞ்சு வருஷம் சார்."

ஐந்து வருடத்தையும் தன் நற்பெயரையும் மெர்வின் மனத்துக்குள் தராசில் வைத்துப் பார்த்தார். தொழில்முறை எடைக்காரரான அவருக்கே முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் கடை காலியாக இருப்பதை அவர் கவனித்தார். அனுப்புவதற்குக் கட்டி வைத்த பெட்டிகள் எங்கும் இல்லை. "வியாபாரம் எப்படிப்பா?"

"கடைப் பேரு அந்தப் பக்கத்துல வந்ததும், நான் விக்கிற இணையதளத்துல என்னை எடுத்துட்டாங்க சார். இந்தக் கோடை தாண்டுறது கஷ்டம்."

"அடடா" என்றார் மெர்வின். இந்த 'அடடா' உளமார்ந்தது. ஆனால் அதற்குள் வெளியிலிருந்து லவோன் கூப்பிட்டுவிட்டாள்.

குழு உடனே செயலில் இறங்கியது. 'அப்பாவிகளைக் காக்கும் திருத்தம்' தயாரானது: நற்பெயருள்ள குடிமக்களின் பெயர்களைக் குற்றவாளிகளின் படத்துக்குக் கீழே வெளியிடலாகாது. மெர்வின் செனட்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். அதே இளைஞன்.

"அனுப்பலாம் சார். ஆனா பட்டியல்ல இருக்கிற முகவரியிலேருந்து வந்தா எண்ண மாட்டோம். குற்றவாளிங்க பேச்சைக் கேட்டு செனட்டர் முடிவெடுக்கிறாங்கன்னு வந்துருமில்ல?"

ஆகவே புது முகவரிகள் தேவைப்பட்டன. ஆகவே குழு மீண்டும் புழுக்கடைக்குப் போனது. மறுபடி ஹாட்டிஷ் போனது; இந்தத் தடவை டுவெய்னுக்கும் பீங்கான் தட்டு.

"தாராளமா செஞ்சு தரேன்" என்றார் டுவெய்ன். "மூணு நாளைக்குள்ள அதையும் ஷெரிப்கிட்ட எழுதிக் குடுத்துருவேன்."

லவோன் பீங்கான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் கிளம்பும்போது டுவெய்ன் மெர்வினின் கையைப் பிடித்தார். "சார், நீங்க எழுதினா கேக்குறாங்க. அந்தத் திருத்தத்துல எனக்கும் ஒரு வரி சேர்ப்பீங்களா? மேடைக்குப் பின்னால ஒதுங்கினவனுக்கு முப்பது வருஷம் போதும்னு? ஒரே வரி. பட்டியல்லேருந்து என்னை எடுத்தா உங்க எல்லார் பேரும் தானா போயிருமே."

மெர்வின் நின்றார். அது நியாயம் என்பது மட்டுமல்ல, எளிது என்பதும் அவருக்குத் தெரிந்தது. லவோன் காரிலிருந்து ஹார்ன் அடித்தாள். குற்றவாளிக்காக எழுதியவர் என்று நாளைக்கு நிலவறையில் பேசுவார்கள்; காபி ஆறிப்போகும்.

"இது அப்பாவிங்களுக்கான திருத்தம் டுவெய்ன்" என்றார். "ரெண்டையும் கலந்தா குழப்பமாயிடும்."

திருத்தத்தைக் காகிதத்தில் அனுப்பினோம். மேலான கருத்துக்கு நன்றி வந்தது.

இப்போதெல்லாம் மெர்வின் தினமும் காலையில் ஷெரிப்பின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். ஒருநாள், அதிலுள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டி ஷெரிப்புக்கு எழுதுவதென்று உட்கார்ந்தார். பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு, "மதிப்பிற்குரிய ஷெரிப் அவர்களுக்கு, தங்கள் பக்கத்தில் நாற்பது பெயர்களும் சரியே, மேலே உள்ள படம் மட்டும்தான் தவறு" என்று எழுதி, கையெழுத்திட்டு, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டினார்.

வாழ்நாளில் அவர் எழுதி அனுப்பாத கடிதம் அது ஒன்றுதான். ஏன் அனுப்பவில்லை என்று எங்கள் நாற்பது பேரில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.