சிறைச் சான்றிதழ் வாங்கிய கழுதை

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது. வேறு யாருமில்லை, அடியேன்தான். காடு எங்களுடையது, ஆட்சி மட்டும் அக்கரையிலிருந்து வந்த ஓநாய்களுடையது. வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு ஒரு முயல் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம்.

நாங்கள் போராடினோம். கத்துவது என் பொறுப்பு. கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஓநாய்த் துரை இறங்கி வந்தார்.

"வியாழக்கிழமை கிளம்புகிறோம். உங்கள் உண்மையான பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட்டுக் காட்டைப் பெற்றுக்கொள்ளலாம்."

அந்த வாரம் செல்லாயி என்ற முயலின் முறை. அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் போட்டுருங்கண்ணே. எனக்கு நாலு குட்டி இருக்கு."

போட்டிருக்கலாம். கரடியார் குறுக்கே வந்தார். "நான்தான் பிரதிநிதி. ஆறு மாசம் ஜெயில்ல இருந்தவன்."

"தேன் திருடினதுக்குத்தானே?" என்றேன்.

"நீ மட்டும்? துரை தோட்டத்துல கேரட் மேய்ஞ்சு மாட்டினவன்!"

உண்மை என்பதால் எனக்குச் சுரீரென்றது. "அது சட்டமறுப்பு மேய்ச்சல்!" என்று கத்தினேன்.

அன்றே விடுதலைச் சங்கம் இரண்டாக உடைந்தது. கரடியார் பக்கம் பாதிக் காடு. என் பக்கம் நானும், என் முதுகில் உட்காரும் காக்கையும். யார் எதற்காகச் சிறைக்குப் போனார் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் முடிவாயிற்று. அதைத் தர வேண்டியவர் சிறை அதிகாரி. அவரும் ஓநாய்.

மறுநாள் ஓநாய் அலுவலகத்தின் முன் நீண்ட வரிசை. கிளம்ப மூட்டை கட்டியிருந்த ஓநாய்கள் அதை அவிழ்த்துவிட்டு மேசை போட்டார்கள். விண்ணப்பம் மூன்று பிரதி. நாம் ஓநாய்களை எதிர்த்தோம் என்று இரண்டு ஓநாய்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு பேருக்காக நான் வாலாட்டியதை நாய்கள்கூட நின்று பார்த்தன.

வியாழன் மாலை செல்லாயி வரிசைக்கே வந்துவிட்டாள். "முடிஞ்சுதாண்ணே?"

"எனக்கு முன்னால ஏழு பேர்தான், தங்கச்சி. நாளைக்குக் கட்டாயம் கிடைச்சுரும்."

கிடைத்தது. 'விடுதலைப் போராட்ட வீரர்' என்று ஓநாய் முத்திரையோடு கொடுத்தார்கள். செல்லாயியிடம் காட்ட ஓடினேன். வளையில் நாலு குட்டிகள் மட்டும் இருந்தன. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடே சான்றிதழுக்குப் பிரேம் போட்டு மாட்டினேன்.

கரடியார் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார். விசாரணை முடியும்வரை துரை கிளம்புவதாக இல்லை.

நீதி: விடுதலையை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், முத்திரை அலுவலக நேரத்தில் மட்டுமே கிடைக்கும்.