முக்கால்வாசி மட்டும் வெட்ட வேணும்

போன சனிக்கிழமை வேலி திருத்தப் போனனான்.

நாங்கள் இருக்கிற மல்கிரேவில இருந்து கார் ஓடி, வீடுகள் முடிஞ்சு மாடுகள் தொடங்கின பிறகும் ஓடினா ஒரு செம்மறிப் பண்ணை வரும். அங்க ஒரு பழைய முள்ளுமர வேலி ஓட்டை விழுந்து கிடக்கு. தொண்டர்கள் சேர்ந்து அதைப் பழைய முறையில திருத்துகினம். என்ர பேரைக் குடுத்தது மனிசி வதனி.

"யாழ்ப்பாணத்தானுக்கு வேலி படிப்பிக்கப் போகினமோ?" எண்டு அவவிட்ட கேட்டன்.

நான் வளர்ந்தது மதில் கட்டின வீட்டில. அந்த மதிலுக்கு ஒரு கல்லுக்கூட நான் தூக்கிக் குடுத்ததில்லை.

பொறுப்பா நிண்டவ ஜூடித். வேலையால ஓய்வெடுத்த பல் டொக்டர். வளைஞ்ச கத்தியால ஒரு மரத்தை அடியில வெட்டிக் காட்டினா.

"முக்கால்வாசி மட்டும் வெட்டுங்கோ. பிறகு மெதுவாச் சரிச்சுப் படுக்க வையுங்கோ. அடியில மிஞ்சிற பட்டையாலதான் மரம் உயிரோட இருக்கும்" எண்டு இங்கிலிசில விளங்கப்படுத்தினா.

"விளங்கினதோ?" வதனி கேட்டா.

"இதில விளங்க என்ன கிடக்கு?"

புதுக் கையுறை, புது பூட்ஸ். பாக்கிற சனத்துக்கு ஒரு வீரம் தெரிய வேணுமெண்டு ஓங்கிப் போட்டன். முக்கால்வாசி, முழுவாசி எல்லாம் ஒரே வெட்டில போச்சு. மரம் தனியா, அடி தனியா.

அப்பவே சொல்லியிருக்கலாம். மனிசர் அப்பிடித்தான் செய்வினம். நான் வெட்டின மரத்தின்ர அடியைச் சேத்துக்குள்ள குத்தி, பக்கத்து மரத்தில சாய்ச்சு, மேல கொஞ்சம் இலைகுப்பையும் போட்டு மூடினன்.

ஜூடித் வந்து பாத்தா. "நல்ல வடிவாப் படுத்திருக்கு. முந்திச் செய்திருக்கிறியளோ?"

"எங்கட ஊரில இது சாதாரணம்."

வதனி என்னைத் திரும்பிப் பாத்தா. கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்குப் பழக்கமான பார்வை அது.

ஜூடித் அதோட விட்டிருக்கலாம். மற்றத் தொண்டர்களையும் கூப்பிட்டா. "இஞ்ச வந்து பாருங்கோ, இப்பிடித்தான் இருக்க வேணும்" எண்டு சொல்லி, வெட்டின இடத்தைக் காட்டக் குனிஞ்சு மரத்தை மெல்லத் தொட்டா.

மரம் அவவின்ர கையோட வந்தது.

மரம் போன ஓட்டைக்குள்ளால ஒரு செம்மறி தலையை நீட்டி எங்களைப் பாத்தது. பிறகு வெளியில வந்தது. அதுக்குப் பின்னால மிச்சம் எல்லாம். வேலிக்கு இந்தப் பக்கம் கார் ஓடுற ரோட்டு.

பல் டொக்டர், தொண்டரா வந்த ஒரு கணக்காளர், வதனி எல்லாரும் ஆட்டுக்குப் பின்னால ஓடிச்சினம். நானும் ஓடினன். சேத்தில சறுக்கி, நான் வெட்டின முள்ளுமரத்துக்கு மேலயே போய் இருந்தன். அதுக்குமேல எனக்கு ஓட்டமும் இல்லை, இருப்பும் இல்லை.

நல்ல காலம், ரோட்டில கார் ஒண்டும் வரேல்லை. ஆடுகளை ஒருமாதிரி உள்ள விட்டாச்சு. அடைக்கக் கம்பி வரச் சுணங்கும் எண்டு சொல்லி, ஜூடித் என்ர கத்தியை வாங்கிப்போட்டு என்னை அந்த ஓட்டைக்குள்ள நிப்பாட்டினா. பின்னேரம் வரைக்கும் கையை விரிச்சுக்கொண்டு நிண்டன். ஒரு ஆடும் வரேல்லை.

வீட்டை வரேக்க காருக்குள்ள வதனி சொன்னா, "ஜூடித் அடுத்த முறையும் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"வெட்டவோ?"

"நிக்க."