ஆர்வில் கட்டிய தண்ணீர்க் கோட்டை

மே பதினாலாம் தேதி, காலை ஆறு மணி. தக்காளி நாற்று ஆறு. சொந்தக்காரர் ஆர்வில் ஸ்டென்ருட்.

அமெரிக்காவின் மொன்டானா மலைப் பள்ளத்தாக்கில் ஜூன் பிறந்தும் உறைபனி விழும். அங்கே ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துக்குள் முதல் பழத்தை யார் பறிப்பது என்று ஆர்விலும் அவர் மனைவி மார்வாவும் பந்தயம் கட்டியிருந்தார்கள். மார்வா ஜெயித்தால், வீட்டின் வெயில் பக்கத்தை ஒன்பது வருடமாக அடைத்துக்கொண்டிருக்கும் ஆர்விலின் படகு வெளியேற வேண்டும். அங்கே அவள் பாத்தி போடுவாள்.

நாற்றெல்லாம் மார்வா ஜன்னலோரத் தொட்டிகளில் வளர்த்தவை. "வேணுங்கிறதை நீயே எடுத்துக்கோ" என்றாள். ஆர்வில் உயரமான ஆறையும் அள்ளிக்கொண்டார். குட்டைகள் அவளுக்கு.

அதோடு விட்டாரா? கடையிலிருந்த தண்ணீர்ச் சுவர் அத்தனையையும் வாங்கி வந்தார். வட்டமாகச் சேர்த்து ஒட்டிய பிளாஸ்டிக் குழாய்கள். செடியைச் சுற்றி நிறுத்தித் தண்ணீர் நிரப்பினால், பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி விடும்.

முதல் சுவர் பாதி நிறைந்ததும் தொபக்கென்று அவர் மடியில் சாய்ந்தது.

"செடி மேல முதல்ல வாளியைக் கவிழ்க்கணும் ஆர்வில்! அது தாங்கிக்கும். நிரப்பினப்புறம் வாளியை உருவிடு."

"தெரியும். குளிக்கலாம்னு பார்த்தேன்."

"சோப்பு தரட்டுமா? எனக்கு மூணு சுவர் கொடேன்."

"எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறதில்லை."

மே இருபத்தெட்டு. விடிந்தபோது முழங்கால் வரை பனி. ஆர்வில் செருப்பை மறந்து காலுறையோடு ஓடினார். சுவருக்குள் எட்டிப் பார்த்தார். ஆறும் பச்சை! பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்த பாத்தியில் மார்வா, செடிகள் மேல் கவிழ்த்திருந்த வாளிகளைத் தூக்கினாள். ஒவ்வொரு குட்டைச் செடியோடும் ஒரு பால் கேன். ராத்திரி ஊற்றிய வெந்நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடையவையும் பிழைத்தன. ஆர்விலுக்கு அதிலும் நிம்மதிதான். செத்த செடிக்காரியோடு ஒரே மேஜையில் கோடை முழுக்கச் சாப்பிட முடியாது.

ஜூன் கடைசியில் ஆர்விலின் செடிகள் அவர் மோவாயை இடித்தன. காய்கள் பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

ஜூலை மூன்றாம் தேதி மார்வா தட்டில் இரண்டு சிவப்புப் பழங்களை வைத்தாள்.

"உன் குட்டையிலயா? எப்படி?"

"அது ஐம்பது நாள் ரகம். குட்டையாத்தான் இருக்கும்."

"அப்போ என்னோடது?"

"எண்பத்தஞ்சு நாள். தொட்டிக்கு அடியிலயே எழுதியிருந்தேனே."

"சொல்லக் கூடாதா?"

"நீ தொட்டியைத் தூக்கிப் பார்த்தியா? உயரத்தைப் பார்த்த. என்னை உனக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கும்போதும் எங்கம்மா அதைத்தான் உன்கிட்ட பார்த்தா. ஏமாந்தா."

ஜூலை பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, படகு விற்கப்பட்டது. வாங்கியவர் மார்வாவின் அண்ணன். மே மாதமே அவளிடம் விலை பேசி வைத்திருந்தார்.