எந்தக் கையில் அடிச்சது?

"எந்தக் கைல அடிச்சது?" என்றார் டாக்டர்.

"வலது கை. வாஷிங் மெஷினைத் தொட்டேன், சுரீர்னுச்சு. அவ்வளவுதான் டாக்டர், இப்ப ஒண்ணுமில்ல."

"தொட்டாலே ஷாக் அடிக்குமா? ப்ளக்கை யார் மாட்டினது?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த நூலகர் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி வேறு கூடவே நின்றாள். நாலு நாளைக்கு முன்னால் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் புது ப்ளக் மாட்டியது சாட்சாத் அவரேதான். ஏற்கெனவே மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, காலிங்பெல் மூன்றையும் பிரித்துக் காலி செய்தவர். "இனிமே ஸ்க்ரூடிரைவரைத் தொட்டீங்க, டூல்பாக்ஸ் நேரா பழைய இரும்புக்கடைக்குத்தான்" என்று வீட்டில் தீர்ப்பே ஆகியிருந்தது. அந்த டூல்பாக்ஸ் அவருக்கு உயிர்.

"எலக்ட்ரீஷியன்தான், டாக்டர்! என்ன லட்சணத்துல மாட்டினானோ, ஆளையே தூக்கிப் போட்டுடுச்சு!"

"தூக்கிப் போட்டுச்சா? எவ்வளவு தூரம்?"

பொய் என்றான பிறகு கஞ்சத்தனம் எதற்கு? "அஞ்சடி இருக்கும்."

உடனே கழுத்தில் பட்டை ஏறியது. எக்ஸ்ரே எழுதினார்கள்.

"சரி, என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க."

வரிசையாகச் சொன்னால் மாட்டிக்கொள்வோமே! "ஞாபகமே இல்ல டாக்டர். கண்ணு இருட்டிடுச்சு."

"மயக்கமா? அப்ப தலைக்கு ஸ்கேன். கரண்ட் இதயம் வழியா போயிருக்கலாம், நாளைக்கு வரைக்கும் ஈசிஜி ஓடட்டும். சிறுநீர் கருப்பா போகுதான்னும் பார்க்கணும்."

நர்ஸ் அவர் நெஞ்சு முடியை இரக்கமே இல்லாமல் மழித்தாள். வீட்டில் மூன்று வயரோடு மல்லுக்கட்டியவர் மேல் இங்கே ஐந்து வயர் ஒட்டினார்கள்.

"அந்த எலக்ட்ரீஷியனைச் சும்மா விடறதா? நேர்ல வரச் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி, ரொம்ப நிதானமாக.

மானிட்டர் எகிறியது. "ஐயோ, நூத்தி நாப்பது!" என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"எதுக்கும்மா அவனை? பாவம், பிள்ளைகுட்டிக்காரன்!"

"அவன் வந்து சொல்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. மரியாதையாவது மிஞ்சும்."

ஓடவும் வழியில்லை, உடம்பெல்லாம் வயர். "நான்தாம்மா மாட்டினேன்" என்றார் பட்டைக்குள்ளிருந்து.

"தெரியும். ப்ளக் வாங்கின ரசீது உங்க சட்டைப் பையிலயே இருந்துச்சு. டூல்பாக்ஸ் போச்சு."

நூலகருக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்த எலக்ட்ரீஷியன், நேராகக் கட்டிலருகே போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சிடுங்க சார்! நீங்க மாட்டினது சரியாத்தான் இருந்துச்சு. மேடம்தான் நம்பாம, நேத்து என்னைக் கூப்பிட்டு மறுபடி மாட்டச் சொன்னாங்க. நான் அவசரத்துல வயரை மாத்தி மாட்டிட்டேன்!"