புத்துவும் நீல டப்பாவும்

மதுரையில் புத்துவைப் போல மனிதர்களைக் கதிகலங்க வைத்த ஆள் இன்னொருவன் இருக்க முடியாது. ரவுடிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரவுடி வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். புத்து கதவுக்கு உள்ளே எங்களோடு குடியிருந்தான்.

கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் விளாங்குடியில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொண்டு மூன்று பேர் தங்கியிருந்தோம். நான், சின்னக்காளை, புத்து. புத்துவுக்கு வீட்டில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தவிர வேறெங்கும் அதை நான் கேட்டதில்லை. பாம்பு பிடிப்பான். அதனால் புத்து. விலங்கியல் படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம்.

நாகமலைப் பக்கம் புதிது புதிதாக வீடு கட்டக் கட்ட, அங்கே இருந்த பாம்புகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. சமையலறையில் ஒன்று, கார் செட்டில் ஒன்று என்று யாராவது புத்துவுக்குப் போன் செய்துகொண்டே இருப்பார்கள். ஒரு கம்பியையும் தலையணை உறையையும் எடுத்துக்கொண்டு பழைய மொபெட்டில் கிளம்பிவிடுவான். பிடித்ததை வனத்துறைக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுவான். ஆனால் அவர்கள் வண்டி வர வேண்டுமே? அதுவரை பாம்பு எங்கேயாவது தங்க வேண்டும். அந்த 'எங்கேயாவது'தான் எங்கள் வீடு.

இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களாகத் தெரிந்துகொண்டோம். குடிவந்த இரண்டாவது மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்தேன். பக்கத்தில் கிடந்த தலையணையை இழுத்துத் தலைக்கு வைத்தேன். தலையணை தனக்கு வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டது.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது தெருவில் நின்றுகொண்டிருந்தேன். படி இறங்கியது ஞாபகமில்லை. புத்து பதறிப்போய் வந்தான்.

"மாப்ள, அத எதுக்குடா எடுத்த? பாவம், தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

"என்னதுடா அது?"

"சாரைதான்டா. வெசமெல்லாம் கெடையாது. நீ போட்ட சத்தத்துல அதுதான் பயந்துபோயிருச்சு."

அன்றிலிருந்து நாங்கள் எதையும் தட்டாமல் தொடவில்லை. செருப்பைக் கவிழ்த்துத் தட்டினோம். புத்தகப்பையைத் தட்டினோம். கல்லூரி நூலகத்தில் நாற்காலியைத் தட்டிவிட்டு நான் உட்கார்வதைப் பார்த்து, பின்னால் இருந்த பெண்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள்.

சின்னக்காளைக்கு உசிலம்பட்டிப் பக்கம். விவசாயக் குடும்பம். ஆறடி உயரம். "எங்க தோட்டத்துல பாம்பெல்லாம் எங்களப் பாத்தா ஒதுங்கி வழி விடும்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் குளிக்கப் போனவன், ஒரு பக்கெட் கவிழ்ந்திருக்க, அதன்மேல் ஒரு செங்கல் இருப்பதைப் பார்த்திருக்கிறான். உள்ளே சோப்பு இருக்கும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. தலை நிறைய நுரையோடு, இடுப்பில் துண்டோடு, கீழ் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றான்.

அங்கே ஹவுஸ் ஓனர் அம்மா கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களோடு தமிழ்.

"என்னாச்சு தம்பி?"

காளை மாடியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே புத்து பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"பல்லிங்கம்மா" என்றான்.

அந்த அம்மா அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அவனைப் 'பல்லித் தம்பி' என்றுதான் கூப்பிட்டார். ஆறடி ஆள் அந்தப் பெயரை இரண்டு வருஷம் சுமந்தான்.

அன்றைக்கே கூட்டம் போட்டு விதி வகுத்தோம். தலையணை உறை கூடாது, பக்கெட் கூடாது. மரை வைத்த மூடியுள்ள இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பா. காற்றுக்கு ஓட்டை போட்டது. விஷமில்லாததற்குப் பச்சை, விஷமுள்ளதற்கு நீலம்.

"நீலத்துக்கு வேலையே இருக்காதுடா" என்றான் புத்து.

கடைசி வருஷம், ஒரு வியாழக்கிழமை காலை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டு வாஷிங் மெஷினுக்குள் இருந்ததைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேர்வு எழுதப் போய்விட்டான். நானும் காளையும் வீட்டில் இருந்தோம். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து புத்துவுக்குப் போன் போட்டேன். நல்லவேளையாகத் தேர்வை முடித்துவிட்டிருந்தான்.

"டேய், டப்பா சாஞ்சு கெடக்குடா. மூடி தனியா கெடக்கு."

"எந்த டப்பா?"

"ஏன்டா கேக்குற?"

"பச்சைன்னா பரவால்ல மாப்ள."

"நீலம்டா."

அவன் ஓடத் தொடங்கியது போனில் கேட்டது. பிறகு, "ரெண்டு பேரும் ஒசரமா எதுலயாவது ஏறி நில்லுங்க. வாரேன்" என்றான்.

வீட்டில் உயரமாக இருந்தது ஒரு படிக்கிற மேஜைதான். அதன்மேல் நானும் காளையும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். காலண்டர் தாள் காற்றில் அசைந்தது. இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. சமையலறையில் ஏதோ உருண்டது. காளையின் இதயம் அடிப்பது என் நெஞ்சில் தெரிந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓனர் அம்மாவின் பேத்தி. இரண்டு வயது. தினமும் அந்தப் படியில்தான் விளையாடும். எங்கள் வாசல் கதவுக்கடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி உண்டு.

நான் காளையைப் பார்த்தேன். காளை இடைவெளியைப் பார்த்தான். மேஜையிலிருந்து இறங்கினான். கொடியில் கிடந்த போர்வையை உதறி எடுத்து, நடந்து போய், மண்டியிட்டு, அந்த இடைவெளியை அங்குலம் அங்குலமாக அடைத்தான். திரும்பி வந்து மேஜையில் ஏறியபோது அவன் பற்கள் அடித்துக்கொண்டன.

அரைமணி நேரம் கழித்துப் புத்து வந்தான். குழந்தையைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, கதவை மெல்லத் தள்ளி உள்ளே நுழைந்தான். ஒரு நிமிஷம் நின்று பார்த்தவன் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனான். அங்கேதான் கதகதப்பு இருக்கும் என்றான். கம்பியை நுழைத்தான். நல்ல பாம்பு படமெடுத்து எழுந்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சத்தம்.

லாகவமாகத்தான் டப்பாவுக்குள் இறக்கினான். ஆனால் மூடியின் மரை தேய்ந்து போயிருந்தது. திருகத் திருக வழுக்கியது. ஒரு கணம்தான்.

"கடிச்சிருச்சு" என்றான் புத்து. பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில்.

சொல்லிவிட்டு மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "அரிசி மூட்டையத் தூக்கி மேல வைங்கடா. யாரும் தொறக்காதீங்க. அத அடிச்சுராதீங்க." வைத்தோம். அப்புறம் தரையில் உட்கார்ந்தான். கையில் இரண்டு பல் தடம்.

"மாப்ள, பயமா இருக்குடா."

மூன்று வருஷத்தில் அவன் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை.

காளை கீழே ஓடி ஓனர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் முதலில் தன் பாஷையில் திட்டினார். எங்களுக்குப் புரியவில்லையே என்று தமிழில் மறுபடி திட்டினார். திட்டிக்கொண்டே தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்து, திட்டிக்கொண்டே எங்களை ஏற்றிவிட்டார்.

"தம்பி, போற வழியில மந்திரிக்கிறவரு ஒருத்தர் இருக்காரு. நிறுத்தவா?" என்றார் டிரைவர்.

"வேணாம்ணே. நேரா பெரியாஸ்பத்திரி" என்றான் புத்து. என்னிடம், "கட்டுக் கிட்டு எதுவும் போட்றாத. கைய ஆட்டாமப் புடி. இமை தொங்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டே வா. டாக்டர்ட்ட சொல்லணும்" என்றான்.

ஆரப்பாளையம் தாண்டும்போது இடது கண் இமை இறங்கியது. சொன்னேன். தலையை ஆட்டினான். வைகைப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது இரண்டு கண்ணும் மூடிவிட்டன. காளை அழுதான். "பேசுடா, ஏதாச்சும் பேசுடா" என்றான்.

புத்துவின் நாக்கு புரளவில்லை. "வேற... மூடி... வாங்கணும்" என்றான். அவன் பேசியதைக் கேட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மருந்தை ஏற்றினார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நாங்கள் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளை உடுப்பில் யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றோம். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தான். குழாயை எடுத்ததும் அவன் முதலில் கேட்டது, "அது எங்கடா?"

"வனத்துறைக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. மலையில விட்டுட்டாங்களாம்" என்றேன். நிம்மதியாக மறுபடி தூங்கிவிட்டான். காளை அவனை அடிக்கப் போனான். நர்ஸ் தடுத்துவிட்டார்.

ஓனர் அம்மா பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். "பாம்பு காலி பண்ணணும். நீங்க இருந்துக்கங்க" என்று தீர்ப்பு சொன்னார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். காளை ஊரில் விவசாயம் பார்க்கிறான். புத்துவுக்கு மேலூரில் வேலை. பாம்பு பிடிப்பதை மட்டும் விடவில்லை. நாங்கள் கெஞ்சினோம், மிரட்டினோம். "நான் போகலேன்னா கம்பெடுத்து அடிச்சே கொன்னுருவாங்கடா" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வான். கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தான். கிளம்பும்போது எங்கள் இருவருக்கும் 'போயிட்டு வாரேன்' என்று ஒரு செய்தி அனுப்புவான். முடிந்ததும் 'வந்துட்டேன்' என்று இன்னொன்று.

சில நாள் இருபது நிமிஷம், சில நாள் இரண்டு மணி நேரம். இரண்டாவது செய்தி வரும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை.