புளி போட்டுத் தேய்த்த கண்ணாடிக் குழாய்கள்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கொழுப்பால் ஒரு நாள் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவும் ஆயாவாகச் சேர்ந்த புதிது. கழுவும் முறையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மாடு கன்று போட்டுவிடும். படித்தீர்களா என்று கோமதி கேட்டபோது, கலெக்டர் மாதிரி நிதானமாகத் தலையை ஆட்டினேன்.

கோமதி மருந்தைச் சோதிக்கிறவள். சோற்று மாவைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைம் ஒன்று நம் உடம்பில் இருக்கிறதாம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அதை அடக்க மருந்து. முதல் குழாயில் மருந்தில்லாமல், மற்றவற்றில் சிறுகச் சிறுகக் கூட்டி ஊற்றுவாள். பிறகு அயோடின் சொட்டு. மாவு மிஞ்சியிருந்தால் நீலமாகும். என்சைம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வாரம் பலன் தெரியாவிட்டால் மருந்தையே கைவிடுவதாக ஆய்வுக்கூடத் தலைவரான பெரியவர் சொல்லியிருந்தார்.

எனக்கோ குழாய்களில் படிந்த உப்புக்கறைதான் கண்ணை உறுத்தியது. வீட்டிலிருந்து புளி கொண்டுபோய்க் கரைத்து, இறுத்து, எல்லாவற்றையும் ஊறவைத்தேன். அலசினால் மினுமினுப்பு போய்விடும் என்று அப்படியே கவிழ்த்து வைத்தேன். (என்னவொரு மூளை!)

மறுநாள் எல்லாக் குழாயும் நீலம். துளி மருந்துக்கே நீலம். பெரியவர் 'சென்னாகிதே' என்று கன்னடத்தில் மெச்சினார். என் பளபளப்பால்தான் என்று நானும் வாசலில் நிமிர்ந்து நின்றேன்.

கோமதி முகம்தான் மாறியது. "சார், மருந்தே ஊத்தாத குழாயும் நீலமா இருக்கு."

என்சைமைக் கெடுத்துவிட்டாய் என்று அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் காலிக் குழாய் ஒன்றில் தண்ணீர் விட்டு, புளிப்பைக் காட்டிக்கொடுக்கும் நீலக் காகிதத் துண்டை நனைத்தாள். சிவந்தது. "இதுல யாரு புளிப்பு ஊத்துனது? புளிப்பு பட்டா என்சைம் வேலையே செய்யாதே!"

பேசாமல் துடைப்பத்தோடு நகர்ந்திருக்கலாம். அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டேன்.

"நான்தான் பாப்பா. செவுத்துல எழுதியிருக்கறது எனக்குப் படிக்க வரல."

பெரியவர் என்னைப் போகச் சொன்னார். போகவில்லை. ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். கோமதி வரி வரியாகப் படிக்க, அத்தனை குழாயையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் மும்மூன்று தடவை அலசினேன். கை ஊறி வெளுத்துப்போனது, விடவில்லை.

மறுநாள் முதல் குழாயில் நீலமே இல்லை. மருந்து கூடக் கூட நீலம் ஏறியது. பிரமாத மருந்து இல்லையாம், ஆனாலும் தொடரலாம் என்றார் பெரியவர். என்னையும் அனுப்பவில்லை.

வீட்டில்தான் இன்னும் கிண்டலை விடவில்லை. என் வீட்டுக்காரர் பகலெல்லாம் கட்டிலை விட்டு எழுந்திருக்காவிட்டால் மருமகள் கேட்பாள்: "ஏன் மாமா, அத்த உங்களையும் புளித்தண்ணில ஊறப் போட்டுட்டாங்களா?"

அவர் எழுந்திருக்காமலே ஆமாம் என்கிறார்.