நாற்பத்தோரு கோடி கிலோ மிளகு

காலி டிபன் கேரியரை இவ்வளவு பக்தியோடு சுமக்கிற மனிதர் கொல்லிமலையில் இன்னொருவர் பிறக்கப்போவதில்லை. சோளக்காட்டில் எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வந்தவர். பெயர் என்னவோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது நாலடுக்கு.

கேரியரில் நாலு அடுக்கு. அடியடுக்கில் சாமைச்சோறு, மேலே மூன்றும் காலி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடகடவென்று சத்தம் வந்துவிடும்.

"ஏனுங்க, எதுக்கு இந்த வெட்டிச் சுமை?" என்று பில் போடுகிற நான் கேட்டுத் தொலைத்தேன்.

"ஒரு புரோகிராம் இன்னொண்ணுக்கு நெம்பர் அனுப்புனா நாலு பைட்டா அனுப்போணுமுங்க. பைட்டுன்னா அடுக்குன்னு வெச்சுக்கங்க. சின்ன நெம்பருன்னா அடியடுக்கு மட்டும் நெறையும். காலிதானேன்னு மத்ததக் கழட்டிட்டா, வாங்கறவன் அடுத்த நெம்பர்ல கைய உட்டுருவானுங்க. மேலடுக்குல ஒரு பருக்கை இருந்தாலும் அது கோடிக்கணக்குங்க!"

"சரிங்க, சோத்துக்குமா?"

"பழகோணுமில்லீங்க."

எடைமெஷின் அனுப்பும் எடையை பில் புரோகிராம் வாங்க வேண்டும். அதற்கு வெள்ளோட்டம் பார்த்த அன்று, வளப்பூர் நாட்டு விவசாயி பொன்னம்மாக்கா இருபத்தைந்து கிலோ மிளகு மூட்டையை மெஷினில் ஏற்றினார். திரையில் நாற்பத்தோரு கோடியே சொச்சம் கிலோ!

"அட சாமி, என்ற தோட்டத்துல இத்தன மொளகு காய்ச்சுதா? சொல்லவே இல்லயே ஒருத்தரும்!" என்றார் அக்கா.

சங்கத் தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலீன்னா பழையபடி நோட்டுக் கணக்குதானுங்க. நீங்க பெங்களூருக்கே கெளம்பிக்கலாம்."

நாலடுக்கின் முகம் செத்துவிட்டது. மலையை விடக்கூடாதென்றே பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்தவர். மத்தியானம் கேரியரைத் திறந்தார். திறந்தவர் அப்படியே சிலையாகிவிட்டார். சோறு மேலடுக்கில்!

ஊட்டுக்காரம்மாவுக்குப் போன் பறந்தது. "ஏங் கண்ணு, சோத்த மேல வெச்ச?"

"அடியடுக்கு ஒழுகுதுங்க. எங்க இருந்தா என்ன, அதே சோறுதானுங்களே?"

"இல்ல கண்ணு, இது கோடி!" என்று கத்தியவர், கை கழுவிய ஈரத்தோடு கம்ப்யூட்டருக்கு ஓடினார். மெஷின் அடியடுக்கை முதலில் அனுப்புகிறது. இவருடைய புரோகிராமோ முதலில் வருவதை மேலடுக்கில் வைத்துக்கொண்டிருக்கிறது! வரிசையைத் திருப்பினார். திரையில் சமர்த்தாக இருபத்தைந்து.

"அவ்வளவுதானா?" என்று பொன்னம்மாக்காவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் போகும்போது காலி அடுக்குகளில் பலாச்சுளையைத் திணித்தார். "ஐயோ அக்கா, நெம்பர் மாறிப்போயிருமுங்க!" என்று அலறிக்கொண்டே வாங்கிக்கொண்டார் நாலடுக்கு. அன்று மட்டும் கேரியர் சத்தமில்லாமல் பஸ் ஏறியது.

இப்போதும் காலையில் பஸ் வந்து நின்றால் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அந்தக் கடகட சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு வேலையே ஓடும்.